வாயில்காப்பானுக்கு ஒரு பக்கம்

1

போன புதன்கிழமை தபால் பையில் எனக்கு ஒரு கார்டு வந்தது. லால்குடி முத்திரை. கையெழுத்தைப் பார்த்ததுமே ஆள் தெரிந்துவிட்டது. எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் நெடுங்காலம் பெரிய கிளாக்கராக இருந்து, இரண்டு வருஷத்துக்கு முன் ஊர் திரும்பிய சபாபதி எழுதியிருந்தார்.

'வாத்தியாரம்மா அவர்களுக்கு. மேகநாடு பதினேழாம் பாகம் இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. அச்சகத்தையே மூடிவிட்டார்களாம். தங்களிடம் உள்ள பிரதியை அனுப்பினால் படித்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பி அனுப்புவேன். எனக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. அதற்குள் முடிவைத் தெரிந்துகொள்ள வேண்டும்.'

நான்கு தடவை படித்தேன். இரண்டாவது தடவை சிரித்தேன். வயதானவருக்குக் கண் மங்குகிறதைப் படித்துச் சிரிக்கிறாளே, இவள் என்ன பெண்பிள்ளை என்று திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் இதைப் படிக்கிறவர்கள் நினைக்கலாம். கடைசிவரை படித்துவிட்டு நினையுங்கள். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

2

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம், கல்யாணமான மூன்றாம் மாதம் நான் இங்கே வந்தேன். தனுஷ்கோடியில் கப்பல், தலைமன்னாரில் ரயில், தெமோதரையில் இறங்கி மலையேறி நாலு மைல் நடை. என் வீட்டுக்காரருக்குத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. வாத்தியார் பெண்டாட்டி வாத்தியாரம்மா ஆனேன். என் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டுப் பதினாலு வருஷம் ஆகிறது.

பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சுதான். வாங்க, போங்க, ஆமாங்க எல்லாம் உண்டு. ஆனால் கூலி வீடுகளின் வரிசைக்கு லயம் என்றும், விடிகாலையில் எல்லோரையும் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்றும் பெயர். முதல் மாதம் நான் பெரட்டை ஏதோ பலகாரம் என்று நினைத்தேன். அதைச் சொல்லி இன்றைக்கும் என்னைக் கேலி செய்கிறார்கள்.

வரும்போது பெட்டியில் மேகநாடு முதல் பாகம் இருந்தது. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேகங்களுக்குள் மிதக்கும் ஒரு நாடு. காற்றைச் சுருட்டிப் பானையில் அடைத்து விற்கிற ஜனங்கள். அங்கே சிறைப்பட்ட ஆழிமதி என்கிற பெண். அவளை இரும்புப் பறவையில் ஏற்றிக்கொண்டு கோள் கோளாகத் திரியும் கொண்டல் என்கிற மாலுமி. வருஷத்துக்கு ஒரு பாகம், சில வருஷம் இரண்டு. அண்ணன் திருச்சியில் வாங்கி எனக்குப் பார்சல் அனுப்புவான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து நான் வாய்விட்டுப் படிப்பேன். கொழுந்து பறிக்கிற பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கேட்பார்கள். ஆடி மாதம் எங்கள் ஊவா மலைப்பக்கம் அடிக்கிற காற்றுக்கு லயத்துத் தகரம் பறக்கும். அந்தக் காற்றில் உட்கார்ந்து, காற்றைப் பானையில் அடைக்கிற கதையைக் கேட்டவர்கள் அவர்கள். திருச்சியில் விசிறியோடு உட்கார்ந்து படிக்கிறவர்களைவிட அவர்களுக்குத்தான் அது நன்றாகப் புரிந்தது என்பேன்.

முன்வரிசை முத்தாயிக்கு. அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் ஒரு பெயரை நான் மாற்றிச் சொன்னால் உடனே திருத்துவாள். இரண்டாம் பாகம் முடிந்த அன்று, சம்பளத்துக்கு வைக்கிற விரலை இதற்கும் வைக்க வேண்டும் என்று அவள்தான் கேட்டாள். 'நாங்களும் இதைப் படிச்சவுகதானேம்மா' என்றாள். பள்ளிக்கூடத்து மையைத் தொட்டுக் கடைசி வெற்றுப் பக்கத்தில் எல்லோரும் பெருவிரல் வைத்தார்கள். என் வீட்டுக்காரர் பக்கத்தில் பெயரும் தேதியும் எழுதினார். அன்று முதல் அது வழக்கமாகிவிட்டது.

3

இப்போது பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் யாருக்கும் கடிதம் நேரே வீட்டுக்கு வராது. ஆள் ஒருவன் தெமோதரைத் தபால் கந்தோருக்குப் போய்த் தோல் பையில் வாங்கி வருவான். பைக்குப் பூட்டு, பூட்டுக்குச் சாவி, சாவி பெரிய கிளாக்கர் இடுப்பில். அவர் கொடுத்தால் கடிதம். கொடுக்காவிட்டால் அப்படி ஒரு கடிதம் உலகத்திலேயே இல்லை.

என் பார்சல்கள் எப்போதும் இரண்டு வாரம் தாமதித்து, உறை கிழிந்து வரும். கப்பலில் கிழிந்திருக்கும் என்பார். கப்பலில் மூக்குப்பொடியும் போடுவார்களா என்று கேட்கத் தோன்றும். ஒவ்வொரு பாகத்திலும் பக்க இடுக்கில் பொடி. எனக்கு முன்னாலேயே அவர் படித்துவிடுகிறார். போகட்டும், படிக்கிற மனுஷன்தானே, நம் லால்குடிக்காரர் வேறு என்று இரண்டு பாகம் பொறுத்தேன்.

நான்காம் பாகத்தைக் கையில் கொடுக்கும்போது, தொண்டையை 'ம்ஹூம்' என்று செருமிக்கொண்டு, அவர் எப்போதும் அப்படித்தான் ஆரம்பிப்பார், 'பாவம், கொண்டல் போய்ச் சேர்ந்துட்டானே. ஊர்லேருந்து தம்பி எழுதியிருந்தான்' என்றார்.

அந்தப் பாகத்துக்காக நான் பதினொரு மாதம் காத்திருந்தேன். தொடர்கதை படிக்கிறவர்களுக்குத்தான் தெரியும் அந்த வயிற்றெரிச்சல். வீடு வரைக்கும் அழுதுகொண்டு நடந்தேன். அழுகை தேயிலை மலையின் இரண்டாம் திருப்பத்தோடு நின்றுவிட்டது. மூன்றாம் திருப்பத்தில் என்ன செய்வது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

அதே நான்காம் பாகத்தில் ஒரு வாயில்காப்பான் வருகிறான். பெயர்கூடக் கிடையாது. ஆழிமதிக்கு வந்த ஓலையை வாங்கிக் கொடுக்காமல் வைத்துக்கொள்கிறான். ஒரே வரி. நான் வாய்விட்டுப் படிக்கும்போது அவனுக்கு ஒரு பொடி டப்பா கொடுத்தேன். ஒரு செருமல் கொடுத்தேன். இடுப்பில் சாவி கட்டினேன். இரண்டு பக்கம் அவனைப் பேச வைத்தேன். முதல் செருமலிலேயே முத்தாயி வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். அடுத்த நிமிஷம் பள்ளிக்கூடமே சிரித்தது.

மழைக்காலம் வந்தால் முதல் பாகத்திலிருந்து திரும்பப் படிப்போம். ஒவ்வொரு தடவையும் வாயில்காப்பான் வளர்ந்தான். ஒரு தடவை அவனை இரும்புப் பறவை கொத்தியது. இன்னொரு தடவை காற்றுப் பானைக்குள் விழுந்து, உள்ளேயிருந்து 'ம்ஹூம், ம்ஹூம்' என்று கூப்பிட்டான். ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறவர்கள் நல்ல மனசுக்காரர்கள் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், ஒன்றையும் மறக்காதவர்கள்தான் திரும்பப் படிக்கிறவர்கள்.

லயத்தில் சிரித்தது ஆபீஸுக்குக் கேட்காமல் இருக்குமா.

4

பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது முத்தாயியும் மனுப் போட்டிருந்தாள். அவள் பிறந்தது இந்த மலையில், அவள் அம்மா செத்ததும் இந்த மலையில். அப்படியும் இத்தனை வருஷம் விடாமல் இங்கேயே இருந்தோம் என்று காட்ட வேண்டும். வருஷங்கள் கழித்து ஒரு நாள், மனு தள்ளுபடி என்று காகிதம் வந்தது. விசாரணைக்கு அழைத்தும் வரவில்லையாம். அந்தக் காகிதத்தை மட்டும் அது வந்த அன்றே பெரிய கிளாக்கர் கூப்பிட்டுக் கொடுத்தார்.

விசாரணைக்கு அழைத்த காகிதம் எங்கே? முத்தாயி அதைப் பார்க்கவேயில்லை.

என் வீட்டுக்காரர் அதிர்ந்து பேசத் தெரியாதவர். அன்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: 'அவ காகிதத்தை அந்தாளு நிறுத்தினாரு. நிறுத்த வச்சது உன் வாய்தான்.'

உண்மை. கதையில் அவனை ஓலையை ஒளிக்க வைத்துச் சிரித்தது நான். நிஜத்தில் ஓலை ஒளிந்தது முத்தாயிக்கு. என் வீட்டுக்காரர் வேலையும் போகாது, என் வீடும் போகாது. அவளுக்கோ நாடே போய்விட்டது. நான் அவள் காலில் விழாத குறை. அவள், 'நீங்க சிரிக்க வச்சீங்க, நான் சிரிச்சேன். ரெண்டு பேரும் சேந்து போய்க் கேப்போம், வாங்கம்மா' என்றாள்.

தெமோதரைத் தபால் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். நேர்மையைத் தவிர வேறு பொழுதுபோக்கு இல்லாதவர். பதிவுத் தபால் புத்தகத்தைத் திருப்பி என் பக்கம் நகர்த்திவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, 'நான் ஒண்டும் சொல்லேல்லை, தங்கச்சி. நீங்களா வந்து பாத்தனீங்கள்' என்றார். விசாரணைக்கு மூன்று வாரம் முன்னாலேயே காகிதம் வந்திருந்தது. பெற்றுக்கொண்டவர் கையெழுத்து, சபாபதி. அழகான கையெழுத்து. இந்தக் கார்டில் இருப்பதும் அதே கையெழுத்துத்தான்.

என் வீட்டுக்காரர் இங்கிலீஷில் மேல்முறையீடு எழுதினார். எட்டு மாதம் கழித்து மறு விசாரணை என்று பதிலும் வந்தது, இந்தத் தடவை தபால் மாஸ்டர் விலாசத்துக்கு.

5

பதுளையில் விசாரணை. அதிகாரி சிங்களவர், மெலிந்த மனிதர். தமிழ் கொஞ்சம் புரியும், ஆனாலும் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். தோட்டத்தின் சார்பில் பெரிய கிளாக்கர், கோட்டும் குடையுமாக.

அவர் சாட்சி சுத்தமாக இருந்தது. தபால் வந்த அன்றே காகிதத்தை அந்த லயத்துக் கங்காணியிடம் கொடுத்துவிட்டார். அந்தக் கங்காணி இப்போது உயிரோடு இல்லை. பிறர் கடிதத்தையோ பார்சலையோ அவர் பிரித்துப் பார்த்ததே கிடையாது. அதோடு ஒன்று சேர்த்தார். மனுப் போடுவதற்கு முந்தைய ஒன்றரை வருஷம் முத்தாயி இந்தியாவில் இருந்தாளாம். பெயர்ப் பதிவைக் காட்டச் சொன்னால், அந்த வருஷத்துப் பதிவைக் கறையான் அரித்துவிட்டதாம்.

என் வீட்டுக்காரர் நான்காம் பாகத்தை மேசையில் வைத்தார். கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினார். முத்தாயியின் பெருவிரல், பக்கத்தில் தேதி. அந்த ஒன்றரை வருஷத்துக்கு நட்டநடுவில்.

பெரிய கிளாக்கர் சிரித்தார். இதெல்லாம் போன வாரம் வைத்த ரேகை, இவளுக்கு இந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்றே தெரியாது என்றார்.

அதிகாரி புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். அட்டையில் இருந்த இரும்புப் பறவையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, தெரியுமென்றால் சொல்லட்டும் என்றார்.

முத்தாயி எழுந்து நின்றாள். முந்தானையைச் செருகிக்கொண்டு, நான்காம் பாகத்தை ஆதியிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். அவளுக்குத் தெரிந்தது என் கதைதானே, புத்தகத்துக் கதை அல்லவே. அவளைத் தடுக்கவும் வழியில்லை. கொண்டல் கடலில் விழுந்தான். ஆழிமதி அழுதாள். வாயில்காப்பான் வந்தான்.

'அந்த வாசக்காரன் பொடி டப்பாவைத் தட்டி, ம்ஹூம்னு ஒரு செருமு செருமி, ஓலையா, எந்த ஓலை, அப்படி ஒண்ணு வரவேயில்லையேன்னான்' என்றாள் முத்தாயி. செருமலை அப்படியே செய்து காட்டினாள். அவளுக்கு அது கதையின் ஒரு வரி, அவ்வளவுதான். அதிகாரியின் கண் மெதுவாகப் பெரிய கிளாக்கரின் கோட்டுப் பைக்குப் போனது. பிறகு அவன் பானைக்குள் விழுந்த கட்டம். மொழிபெயர்ப்பாளருக்கு இங்கிலீஷ் வராமல் சிரிப்பு வந்தது.

பெரிய கிளாக்கர் எழுந்துவிட்டார். கடிதத்தைத் திருடினார் என்று சொன்னபோது அசையாமல் உட்கார்ந்திருந்த மனிதர் அவர். இதைத் தாங்கவில்லை.

'இல்லைங்க, அப்படி இல்லவே இல்லை. இருநூத்திப் பதினேழாம் பக்கம், அடியிலேருந்து நாலாவது வரி. வாயில்காப்பானுக்கு ஒரே ஒரு வரிதான். பொடியும் இல்லை, பானையும் இல்லை. இந்தம்மா கதையையே நாசம் பண்ணிட்டாங்க. நாலாம் பாகம் வந்த அந்த வருஷத்துலேருந்து ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழமை இதே கூத்து. இந்த முத்தாயிதான் முன்னாடி உக்காந்துகிட்டு மொத ஆளா சிரிப்பா.'

அதிகாரி இருநூற்றுப் பதினேழாம் பக்கத்தைத் திறந்தார். அடியிலிருந்து நான்காவது வரியை மொழிபெயர்ப்பாளர் விரல் வைத்துக் காட்டினார். பக்க இடுக்கில் இருந்த பழுப்புத் தூளை அதிகாரி விரலால் தொட்டு முகர்ந்தார். பிறகு தமிழிலேயே, நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

'நாலாம் பாகம் வந்த வருஷம் இவ இந்தியாவிலே. நீங்க சொன்னது. இப்போ, முன்னாடி உக்காந்து சிரிச்சா. இதுவும் நீங்க சொன்னது. எதை எழுத?'

பெரிய கிளாக்கர் உட்கார்ந்தார். 'ம்ஹூம்' என்றார்.

ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த நிமிஷத்தில் அவரை எனக்கு நன்றாகப் புரிந்தது. கதையைத் தப்பாகச் சொன்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாத ஜாதி. நானும் அதே ஜாதி. அதற்காக மனசு இளகியது என்று நினைக்காதீர்கள். எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

6

முத்தாயிக்குப் பிரஜாவுரிமைக் காகிதம் கிடைத்தது. தோட்டத்தை நடத்துகிற துரை, பையின் சாவியைப் பெரிய கிளாக்கர் இடுப்பிலிருந்து அவிழ்த்துச் சின்ன கிளாக்கரிடம் கொடுத்தார். வேலையிலிருந்து நீக்கவில்லை. ஏன் நீக்கவில்லை என்று லயத்தில் கோபப்பட்டார்கள். எனக்கு அதில் பரம திருப்தி. ஆள் இங்கேயே இருக்க வேண்டும், புத்தகம் இங்கேயே வர வேண்டும், அவர் கைக்கு மட்டும் போகக்கூடாது.

அதன் பிறகு ஐந்து பாகங்கள் வந்தன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரிய கிளாக்கருக்குப் பள்ளிக்கூடத்துப் பாதையில் ஏதாவது வேலை வந்துவிடும். குடையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடப்பார். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் முத்தாயி கண்ணைக் காட்டுவாள். நான் குரலைத் தணித்துக்கொள்வேன். அவர் தாண்டிப் போனதும் விட்ட இடத்திலிருந்து உரக்கப் படிப்பேன். இறந்துபோன கொண்டல் பதின்மூன்றாம் பாகத்தில் உயிரோடு திரும்பி வந்தபோது பெண்கள் போட்ட கூச்சல் ஆபீஸ் வரை கேட்டிருக்கும். என்ன கூச்சல் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஊர் போகிற அன்று என் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. கடைசிப் பாகம் அவர் போன பிறகுதான் வந்தது.

இதில் எனக்கு என்ன மிஞ்சியது என்று கேட்பீர்கள். முத்தாயியை இந்த நாட்டுக்காரி ஆக்கிய புத்தகத்துக்குச் சொந்தக்காரி நான். எனக்கு இன்னும் தற்காலிக வதிவிட அனுமதிதான். புதுப்பிக்கப் போனால், எப்போது திரும்பிப் போக உத்தேசம் என்று கேட்கிறார்கள். பதினேழாம் பாகம் வந்ததும் என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன். அதிகாரி அதை அப்படியே எழுதப் போனார், என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக் கெஞ்சினார். இப்போது மனுப் பாரமெல்லாம் சிங்களத்தில். போன தடவை மகள் மங்கைதான் நிரப்பினாள். 'சொந்த ஊர்' என்ற இடத்தில் லால்குடி என்று எழுதச் சொன்னேன். எழுதிவிட்டு, 'உங்க ஊரு' என்றாள்.

அவள் பதுளையில் படிக்கிறாள். அவள் படிப்பதெல்லாம் இங்கிலீஷ் ராக்கெட் கதைகள். மேகநாட்டை முதல் பாகத்திலேயே மூடிவிட்டாள். மனுஷன் நிஜமாகவே வானத்துக்குப் போய் வந்துவிட்டானாம், இரும்புப் பறவை சிறகடித்துக் கோள் தாண்டாதாம். விட்டுவிட்டேன். எனக்குப் பின்னால் இந்தப் பதினேழையும் திரும்பப் படிக்க வீட்டில் ஆளில்லை என்பது மட்டும் உறுத்துகிறது. அப்படிப் படிக்கக்கூடிய ஒரே ஆள் லால்குடியில் கண் மங்கி உட்கார்ந்திருக்கிறார் என்பது இன்னும் உறுத்துகிறது.

7

கார்டை மங்கைக்குப் படித்துக் காட்டினேன். அனுப்பிவிடேன், பாவம் என்றாள். அவளுக்கு எல்லாம் சுலபம்.

முத்தாயிக்கும் படித்துக் காட்டினேன். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றபடியே கேட்டாள். கண் மங்குகிற இடத்தில் கொஞ்சம் நிறுத்தச் சொன்னாள். பிறகு சொன்னாள்:

'எங் கடுதாசி மூணு வாரம் அவரு மேசையில கெடந்துச்சு. அவரு கடுதாசி உங்க மேசையில கெடக்கட்டும். அப்புறம் உங்க இஷ்டம்மா.'

கிடக்கிறது. இதை எழுதும்போது மைக்கூட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

கடைசிப் பாகத்தை நான் ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் படித்தேன். அதில் ஒரு பக்கத்தைப் படித்தபோது, அத்தனை வருஷம் சிரித்த முத்தாயி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அந்தப் பக்கத்தில் ஒரு மனிதருக்கு ஆறுதல் தரக்கூடியது ஒன்று இருக்கிறது. என்னவென்று இங்கே எழுத மாட்டேன். ஏனென்றால் இந்தப் பத்திரிகை லால்குடி வாசகசாலைக்கு வரும். உங்களுக்கு முன்னாலேயே அதைப் பிரித்துப் படிக்கிறவர் யார் என்று எனக்குத் தெரியும்.

பெரிய கிளாக்கர் ஐயா, கார்டு கிடைத்தது. பதினேழாம் பாகம், கடைசியிலிருந்து மூன்றாம் பக்கம். உங்கள் வாயில்காப்பான் திரும்ப வருகிறான். இந்தத் தடவை ஒரு வரி இல்லை, ஒரு பக்கம் முழுக்க. புத்தகம் என் பெட்டியில் இருக்கிறது. பெட்டிக்குப் பூட்டு உண்டு, சாவி என் இடுப்பில்.